உங்கட மொறிஸ் மைனருக்கு ரேஸ் கேம் தேவையில்லை

முதலே சொல்லிவிடுகிறேன், இங்கே கேம் என்றால் பப்ஜி இல்லை. எஞ்சினுக்குள் கிடக்கிற கேம் ஷாப்ட். பழைய கார் வைத்திருக்கிற வீடுகளில் இப்போது அடிக்கடி அடிபடுகிற சொல். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கராஜில் நின்றுகொண்டு ஒருவர் யூடியூப்பில் "இந்தக் கேமை மாற்றினால் கார் வேற கார்" என்கிறார். அதைப் பார்த்த கனடா மச்சான் வைபரில் எடுத்து, "காசு நான் அனுப்புறன், நல்ல கேம் ஒண்டு எடுப்பிச்சுப் போடுங்கோ" என்கிறார். இங்கே மாமரத்துக்குக் கீழே அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் ஒன்றும் தெரியாதது மாதிரி நிற்கிறது.

என்னுடைய கருத்து இதுதான்: எங்கட ஊர்களில் ஓடுகிற மைனர்களுக்கு, அதே எஞ்சின் குடும்பத்துப் பழைய ஒஸ்ரின்களுக்கு, 'பெரிய' கேம் போடுவது பெரும்பாலும் காரைக் கெடுக்கிற வேலை. காசு வீண் என்பதை விடவும் மோசம். நல்ல கார் ஒன்றை எடுத்து, எங்களிடம் இல்லாத ஒரு றோட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டு, இருக்கிற றோட்டில் அதை ஓட்டக் கஷ்டப்படுகிறோம்.

"கலைப்பீடத்தில படிக்கிற பிள்ளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன கதை?" என்று கேட்கப் போகிறவர்கள் கேட்டுவிட்டு வாருங்கோ. எங்கட வீட்டில் ஒரு மைனர் நிற்கிறது. சித்தப்பா அதில் ஹயர் ஓடினவர். வால்வ் இடைவெளி பார்க்கிற நாளில் பக்கத்தில் ஃபீலர் கேஜோடு நின்றது நான்தான். 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. புவியியல் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மறந்து போச்சு, இது மறக்கவில்லை.

சரி, கேம் என்ன செய்கிறது? அது எஞ்சின் புளொக்குக்குள் படுத்திருக்கிற ஒரு தண்டு. அதில் முட்டை வடிவ மேடுகள், நாலு சிலிண்டருக்கு எட்டு. கிராங்க் ஷாப்ட் இரண்டு தரம் சுற்ற இது ஒரு தரம் சுற்றும். மேடு வந்து ரப்பெற்றை உயர்த்தும், ரப்பெற் புஷ் றொட்டைத் தள்ளும், அது மேலே இருக்கிற றொக்கரைச் சாய்க்கும், றொக்கர் வால்வை அமத்தித் திறக்கும். வால்வ் எப்போது திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் திறக்கிறது என்ற மூன்றும் அந்த முட்டையின் வடிவத்தில்தான் எழுதியிருக்கிறது. மைனரில் டிஸ்ரிபியூற்றரைச் சுற்றுவதும் ஒயில் பம்பைச் சுற்றுவதும்கூட இதே தண்டுதான்.

மைனருக்குள் இருக்கிற எஞ்சினை ஏ சீரிஸ் என்பார்கள். 1951 இல் ஒஸ்ரின் ஏ30 என்ற சின்னக் காருக்காக 803 சிசியில் வந்தது. 1952 இல் மைனருக்குள் வந்தது. 1956 இல் 948 சிசி ஆகி 'மைனர் 1000' என்று பெயர் எடுத்தது. 1962 இல் 1098 சிசி. மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் 1959 இல் வந்த மினியையும் வடிவமைத்தவர், அதற்குள்ளும் இதே எஞ்சின்தான். 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிற்கும் வரைக்கும் இந்தக் குடும்பம் தயாரிப்பில் இருந்தது.

இந்த 948 இன் கேமைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். உள்ளெடுக்கிற வால்வ், பிஸ்ரன் உச்சிக்கு வர 5 பாகை இருக்கும்போதே திறக்கத் தொடங்குகிறது. பிஸ்ரன் அடிக்குப் போய், திரும்பி 45 பாகை ஏறின பிறகுதான் மூடுகிறது. 5, 180, 45. மொத்தம் 230 பாகை. பிஸ்ரன் மேலே ஏறத் தொடங்கின பிறகும் ஏன் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? வேகமாக ஓடும்போது உள்ளே வருகிற காற்றுக்கும் ஒரு உந்தம் இருக்கும். பிஸ்ரன் திரும்பினாலும் அது உடனே திரும்பாது, இன்னும் கொஞ்சம் உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். ரேஸ் கேம் செய்கிற மாயம் முழுக்க இதுதான்: அந்தக் கதவை இன்னும் நேரத்தோடு திறந்து, இன்னும் பிந்தி மூடுவது. 300 பாகை வரைக்கும் போகிற கேம்கள் இருக்கின்றன. 5000, 6000 சுற்றில் அவை அற்புதம்.

ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் கிடையாது. பிந்தி மூடுகிற வால்வால் உள்ளே வந்த கலவை திரும்ப வெளியே தள்ளப்படும். உள்வாசலும் வெளிவாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற இடைவேளையும் கூடுவதால், எரியாத பெற்றோல் நேரே சைலன்சருக்குள் போகும், எரிந்த புகை திரும்பி உள்ளே வரும். அதுதான் அந்த 'லக் லக் லக்' என்ற நொண்டல் சத்தம். பெடியளுக்குப் பிடித்த சத்தம். உண்மையில் அது எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிற சத்தம்.

ஏ சீரிஸுக்கு இதில் தனியாக ஒரு வியாதியும் உண்டு. இதன் தலையில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்வாசல் இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில் குடிக்கும், மூன்றும் நாலும் மற்ற வாசலில். எரிகிற ஒழுங்கு 1-3-4-2. அதன்படி பார்த்தால் இரண்டாவது சிலிண்டர் குடிக்கத் தொடங்கி 180 பாகையில் ஒன்றாவது அதே வாசலில் வாயை வைக்கிறது. கேம் 230 பாகை என்றால் இரண்டும் சேர்ந்து இழுக்கிற நேரம் 50 பாகை. 300 பாகை கேம் போட்டால் அது 120 பாகை. ஒரே இளநிக்குள் இரண்டு ஸ்ரோ போட்ட மாதிரி, ஒருத்தன் பங்கை மற்றவன் உறிஞ்சுவான். ரேஸ்காரர்கள் இதைச் சமாளிக்கப் பல வித்தைகள் கண்டுபிடித்தார்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் மேட்டின் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற கேம்கள்கூட இருக்கின்றன. அவர்களுடைய தேவை வேறு.

எங்கட தேவை என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகருக்குள் காருக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. இதுதான் சட்டம். 948 மைனர் நாலாவது கியரில் 50 இல் போகும்போது எஞ்சின் சுற்று ஏறத்தாழ 2000, 70 இல் ஏறத்தாழ 2900. தொழிற்சாலைக் கேமோடு இந்த எஞ்சினின் இழுவை உச்சத்துக்கு வருகிற இடம் 2500 சுற்று. அதாவது நாங்கள் வாழ்கிற இடமும் எஞ்சின் நல்லாய் இழுக்கிற இடமும் ஒன்று. 3000 சுற்றுக்கு மேலேதான் முழிக்கிற ஒரு கேமைப் போட்டால், அது முழிக்கிற நேரத்தில் உங்களுக்குத் தண்டம் எழுதப் பொலிஸ் நிற்கும்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இதே எஞ்சினைத்தானே 1961 இல் ஜோன் கூப்பர் மினி கூப்பர் ஆக்கினார்? அந்தப் பரம்பரைதானே 1964 இல் மொன்ரி கார்லோ ரலியை வென்றது? உண்மை. சாதாரண மினியின் 848 சிசி எஞ்சினில் 34 குதிரைவலு, கூப்பரின் 997 சிசியில் 55. ஆனால் அந்த 55 கேமால் மட்டும் வந்ததில்லை. அளவையே மாற்றினார்கள், இரண்டு காபரேற்றர் போட்டார்கள், தலையைத் திருத்தினார்கள். முக்கியமாக, முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போட்டார்கள். எங்கட மைனரில் நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். அதுவும் எத்தனையாம் கை மாறி வந்ததோ. பெரிய கேமைப் பற்றிக் கதைக்கிற ஒருத்தராவது முதலில் பிரேக்கைப் பற்றிக் கதைத்து நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த வேலை நடந்தது. கேம் வெளிநாட்டிலிருந்து வந்தது, மற்றதெல்லாம் பழசு. அமுக்க விகிதம் பழசு, காபரேற்றர் ஊசி பழசு, டிஸ்ரிபியூற்றர் பழசு. இப்போது அந்தக் காரை 1200 சுற்றுக்குக் கீழே ஐடிலில் நிறுத்தேலாது, நின்றுவிடும். அது கலியாணத்துக்கு வாடகைக்குப் போகிற கார். கலியாணக் காரின் வேலை என்ன? நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் உருளுவது. கமராக்காரர் கை காட்டினால் நிற்பது, திரும்பக் கை காட்டினால் உருளுவது. மாப்பிள்ளை உள்ளே வியர்க்க, டிரைவர் ஒரு காலை அக்சிலேற்றரிலும் மற்றதைக் கிளச்சிலும் வைத்துக்கொண்டு கடவுளைக் கும்பிடுகிறார். காரின் பெறுமதி கூடிவிட்டது என்றுதான் சொந்தக்காரர் இன்னும் சொல்கிறார்.

இனி எனக்கு இதில் உண்மையாகவே முக்கியமான விசயம். மண்ணெண்ணெய்.

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கட வயதுக்காரர் இதை ஒரு வீரக்கதை மாதிரிக் கேட்டு வளர்ந்தோம்: சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவது, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, அந்த மணம், அந்தப் புகை. ஆட்களின் கெட்டித்தனத்தைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள், கதைக்கத்தான் வேணும். ஆனால் எஞ்சின் ஏன் அதற்கு ஒத்துக்கொண்டது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. நெருக்கினால் நேரத்துக்கு முன்னமே வெடிக்கும், எஞ்சின் தட்டும். எனவே அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்தான் தாங்கும். மைனர் 1000 எஞ்சின் 8.3 என்றும், தரம் குறைந்த பெற்றோலுக்காக 7.2 என்றும் இரண்டு விதமாக வந்தது. இன்றைய கார்கள் 10, 11 என்று நிற்கின்றன. மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகவும் மாட்டாது, அதற்குச் சூடு வேணும். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒன்றோடொன்று முட்டப் பூட்டியிருக்கும், ஒன்று மற்றதைச் சூடாக்கும். மெதுவான சுற்றிலும் அடக்கமான கேம் நல்லாய் உறிஞ்சும், அந்த உறிஞ்சல்தான் காபரேற்றரிலிருந்து எரிபொருளைத் தூவி எடுக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தக் கார்கள் அசைந்தன.

இப்போது 'அப்கிரேட்' பட்டியலைப் பாருங்கோ. பெரிய கேம் போட வேணும். பிந்தி மூடுகிற வால்வால் இழக்கிற நெருக்கத்தை ஈடு செய்ய அமுக்க விகிதத்தைக் கூட்ட வேணும். சூடாக்குகிற பழைய குழாயைக் கழற்றிவிட்டு ரேஸ் எக்ஸோஸ்ட் போட வேணும். ஒவ்வொன்றாக, அந்தக் காரைக் காப்பாற்றின அதே மூன்று குணங்களையும் பிடுங்கி எறிகிறோம். மண்ணெண்ணெய்க் காலம் திரும்ப வரப் போகுது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022 இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றது நேற்று மாதிரி இருக்கிறது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றுதான் தொடங்கினார்கள். மெதுவான ஓட்டத்தில் எரியாத பெற்றோலைச் சைலன்சரால் துப்புகிற ஒரு காரை அந்த வரிசையில் கற்பனை பண்ணிப் பாருங்கோ. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஆஸ்பத்திரிக்கும் ரியூசனுக்கும் ஓடின கார்களில் இந்தக் கிழட்டுக் கார்களும் இருந்தன.

மண்ணெண்ணெய்க் கதைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. யூடியூப்பில் அது வராது. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகும். எஞ்சினுக்குள் ஒயிலை ஆகக் கடுமையாகச் சோதிக்கிற இடங்களில் ஒன்று கேம் மேடும் ரப்பெற்றும் உரசுகிற இடம். ஒரு நூல் அளவு கோட்டில் முழுப் பாரமும் விழும். அங்கே தண்ணி ஒயிலோடு வருடக்கணக்கில் ஓடினால் மேடு தேயும், முட்டை உருண்டையாகும், வால்வ் முழுக்கத் திறக்காது. ஒரு மில்லிமீற்றர் போனாலே கார் சோர்ந்துபோகும்.

எனவே "மைனர் எண்டா உப்பிடித்தான், இழுவை இல்லை" என்று நாங்கள் நினைக்கிற பல கார்களுக்கு வடிவமைப்பில் குறை கிடையாது, கேம் தேய்ந்திருக்கிறது. 1098 எஞ்சின் புதிதில் 48 குதிரைவலு கொடுத்தது, 948 கொடுத்தது 37. உங்கட கார் இன்றைக்கு அதில் எவ்வளவு கொடுக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? தேய்ந்த கேமைக் கழற்றிவிட்டு ரேஸ் கேம் போட்டு "பார், என்ன வித்தியாசம்!" என்கிறவர்கள், ஒரு சாதாரணப் புதுக் கேம் போட்டிருந்தாலும் வித்தியாசத்தைக் கண்டிருப்பார்கள். அதுவும் அவர்கள் ஓடுகிற வேகத்திலேயே.

இதை வைத்து என்னை 'ஒறிஜினல்' கட்சியில் சேர்த்துவிடாதீங்கோ. அந்தக் கட்சி எனக்கு இன்னும் அலுப்பு. தொழிற்சாலையால் வந்த ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்கிற ஆட்கள் அவர்கள். எங்கட ஊரில் தப்பிப் பிழைத்த ஒரு காராவது ஒறிஜினலா? வேறு வாகனத்துப் பெயரிங், லேத்தில் கடைந்த புஷ், எதிலிருந்தோ வெட்டின காஸ்கெற், லொறிப் பாகத்திலிருந்து செய்த பிராக்கெற் என்று அவை முழுக்க ஒட்டுப் போட்ட சரித்திரம். தெற்கில் ஒரு தொழிற்கூடம் மைனரின் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. ஒறிஜினல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? மாற்றத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பழைய மெக்கானிக்மாரும் மாற்றத்தான் செய்தார்கள், ஆனால் காருக்கு முன்னால் இருக்கிற றோட்டையும் கையில் இருக்கிற எண்ணெயையும் பார்த்து மாற்றினார்கள். இப்போது நாங்கள் போனில் தெரிகிற றோட்டைப் பார்த்து மாற்றுகிறோம்.

இன்னொரு கவலை. இந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே "மூண்டாவது எக்ஸோஸ்ட் மேடு போட்டுது தம்பி" என்று சொல்லக்கூடிய ஐயாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நாங்கள் கேட்கிற கேள்வி "இந்தக் கேமைப் பூட்டித் தருவீங்களோ?" என்பது மட்டும்தான். பூட்டித் தருவார்கள், காசு தருகிற ஆளோடு ஏன் வாக்குவாதம்? ஆனால் "ஐயா, இதுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால் வேறு பதில் வரும். அந்தப் பதில்கள் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

அப்போ என்ன செய்யலாம்? முதலில் அளந்து பாருங்கோ. றொக்கர் கவரைக் கழற்றி, புஷ் றொட் தலையில் டயல் கேஜ் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, எட்டு மேட்டின் உயரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கோ. ஒன்று இரண்டு மற்றதுகளை விடக் குறைவாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வால்வ் இடைவெளி சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் காபரேற்றர் வழியாக 'டப் டப்' என்று திரும்பத் துப்பினால் அதுவும் ஒரு அடையாளம். டைமிங் செயின் நீண்டிருக்கிறதா, காபரேற்றர் ஸ்பிண்டில் ஆடி வழியில் காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கோ. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

எல்லா மேடும் சமன், காரும் சுகம், ஆனாலும் கொஞ்சம் கூட வேணும் என்றால், தலையின் வாசல்களைத் துப்புரவாக்குவதும், 92 பெற்றோலுக்கு இக்னிஷன் நேரத்தைச் சரியாக வைப்பதும் கேமை விட மலிவு. அதற்குப் பிறகும் கேம்தான் வேணும் என்றால், 1980களில் எம்ஜி மெற்றோவுக்குள் வந்த கேம் மாதிரி, தொழிற்சாலையே போட்ட அடக்கமான ஒன்றைத் தேடுங்கோ. அது ஐடிலில் நிற்கும், ஏறும்போதும் இழுக்கும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் காரைக் கொண்டு போகிற மலையகத்து நண்பர்கள் இதில் எனக்குச் சாட்சி சொல்லுவார்கள், ஏற்றத்தில் தேவைப்படுவது கீழ்ச் சுற்று இழுவைதான்.

மாற்றும்போது காசைப் பார்த்துப் பழைய ரப்பெற்றுகளை விட்டுவிடாதீங்கோ. புதுக் கேமோடு பழைய ரப்பெற் ஓடினால் கொஞ்ச நாளில் புது மேட்டையும் தின்றுவிடும். எட்டும் புதிதாக வேணும். மேடுகளுக்கு அதற்கென்று விற்கிற பசையைப் பூசி, நாகக் கலவை கூடின, பழைய எஞ்சினுக்கான ஒயிலை ஊற்றி, எஞ்சின் பிடித்த உடனே ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு ஏற்றி, ஒரு இருபது நிமிசம் அப்படியே வைத்திருக்க வேணும். கேமில் ஒயில் தெறித்து விழுவதற்கு அந்த வேகம் தேவை. சத்தம் பலமாக இருக்கும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் முதலே போய்ச் சொல்லிவிடுங்கோ.